அல்-இஜ்லிய்யாவின் மாணவியர் எங்கே?
தொழில்நுட்பத் துறையில் பெண்கள்: வரலாறு தரும் ஒரு படிப்பினை

இஸ்லாமிய நாகரிகத்தில் பெண்களின் பங்களிப்புப் பற்றிப் பேசப்படும் இடங்களிலெல்லாம் ஒரு பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படுவதை நாம் காண்கிறோம். ஹஜ் பயணிகளுக்காக மக்காவுக்கு நீர்வழி அமைக்கச் செய்த அப்பாஸிய அரசி ஸுபைதா, ஃபெஸ் நகரின் கரவிய்யீன் பள்ளிவாசலை நிறுவியவராக மரபுவழி அறியப்படும் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி ஆகியோர் அப்பட்டியலில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளனர். அண்மைக் காலத்தில் அதில் மற்றொரு பெயரும் சேர்ந்துள்ளது. அது 'மர்யம் அல்-அஸ்துர்லாபி' என்பதாகும். அஸ்துர்லாப் என்னும் வானியல் கருவியைச் செய்த பத்தாம் நூற்றாண்டுப் பெண்மணி அவர். பாடசாலைக் கண்காட்சிகளிலும் மேடைகளிலும் அவரை இன்றைய செய்மதி வழிகாட்டிக் கருவிகளின் முன்னோடி என்றுகூடப் புகழ்ந்துரைக்கக் கேட்கிறோம்.

ஸுபைதாவும் ஃபாத்திமாவும் பொருள் கொடுத்துப் பணி செய்வித்தவர்களாக நினைவுகூரப்படுபவர்கள். அஸ்துர்லாப் செய்த பெண்மணியோ தம் கையாலேயே பணி செய்தவர். தொழில்நுட்பம், பொறியியல் ஆகிய துறைகளில் பெண்களின் நிலை பற்றிச் சிந்திப்போருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. ஆயினும் பெருமிதத்தோடு நாம் நின்றுவிடுவதால், அவரைப் பற்றிக் கேட்க வேண்டிய வினாக்கள் கேட்கப்படாமலே போகின்றன. அவருக்குத் தொழிலைக் கற்பித்தவர் யார்? அவர் எங்கே கற்றார்? அவருக்குப் பணி கொடுத்தவர் யார்? அவரிடம் அத்தொழிலைக் கற்று அவருக்குப் பின் வந்த பெண் யார்? முதல் மூன்று வினாக்களுக்கும் வரலாற்றில் விடையுண்டு. நான்காவதற்கு விடையில்லை. அந்த நான்காவது வினாவே நம் காலத்துக்கு மிகவும் தேவையானது என்பது நமது கருத்து.

ஃபிஹ்ரிஸ்தில் ஒரு வரி

அவரைப் பற்றிய செய்தி முழுவதும் ஒரே நூலில், ஏறக்குறைய ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. பக்தாதில் நூல் படியெடுத்தலையும் நூல் வணிகத்தையும் தொழிலாகக் கொண்டிருந்த இப்னுன் நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987 - 988) தொகுத்த 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்பதே அந்நூல். தம் காலம் வரை அரபு மொழியில் எழுந்த நூல்களையும் அவற்றின் ஆசிரியர்களையும் பத்துப் பகுதிகளில் பட்டியலிடும் அரிய பணி அது. மெய்யியலையும் பண்டைய அறிவியல்களையும் பற்றிய ஏழாம் பகுதியில் கணித, வானியல் அறிஞர்களைக் கூறிய பின்னர், கருவிகளையும் அவற்றைச் செய்தோரையும் பற்றிய சிறு குறிப்பொன்றை இப்னுன் நதீம் சேர்த்துள்ளார். நூல் எழுதாத கைவினைஞர்களையும் அறிவுலகத்தின் உறுப்பினராகக் கருதிப் பதிந்து வைத்த அவரது பார்வை போற்றத்தக்கது.

கருவி செய்யும் தொழில் ஹர்ரான் நகரில் வளர்ந்து, அங்கிருந்து பரவியது என்றும், அப்பாஸியர் காலத்தில், குறிப்பாகக் கலீஃபா மஃமூனின் நாட்களிலிருந்து, பெருகியது என்றும் அவர் கூறுகிறார். அதன்பின் வருவது பெயர்களின் வரிசை. அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் அது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று என்பது புலனாகும். அல்-மர்வர்ரூதீயின் மாணாக்கர் அலீ இப்னு ஈஸா, அலீ இப்னு ஈஸாவின் மாணாக்கர் கஃபீஃப் என்று, ஒவ்வொரு கைவினைஞரும் இயன்றவரை தம் ஆசானோடு சேர்த்தே குறிக்கப்படுகிறார். யாரிடம் கற்றார் என்பதே அத்தொழிலில் ஒருவரின் தகுதிச் சான்றாக இருந்தது.

அவ்வரிசையில்தான் அல்-இஜ்லீ என்ற கைவினைஞர் வருகிறார். அவர் பித்தூலுஸ் என்பவரின் மாணாக்கர். அவரை அடுத்து அவர் மகள் அல்-இஜ்லிய்யா குறிக்கப்படுகிறார். அவரும் பித்தூலுஸின் மாணவியே என்றும், ஸைஃபுத் தவ்லாவிடம் இருந்தவர் என்றும் இப்னுன் நதீம் பதிகிறார். செய்தி அவ்வளவே. பித்தூலுஸ் என்று எழுதப்பட்டுள்ள பெயர் நஸ்தூலுஸ் என்ற புகழ்பெற்ற கைவினைஞரையே குறிக்கும் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. நஸ்தூலுஸ் ஹிஜ்ரி 315இல் (கி.பி. 927 - 928) செய்த அஸ்துர்லாப் குவைத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆண்டு பொறிக்கப்பட்டு இன்று எஞ்சியுள்ள அஸ்துர்லாப்களுள் அது மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. அக்கருத்தின்படி, அல்-இஜ்லிய்யா தம் காலத்தின் தலைசிறந்த பட்டறையில் பயின்றவராவார்.

இவ்விடத்தில் சில திருத்தங்கள் தேவை. 'மர்யம்' என்ற பெயர் ஃபிஹ்ரிஸ்தில் இல்லை. அது பிற்காலத்தார் சேர்த்தது. அஸ்துர்லாபைக் கண்டுபிடித்தவரும் அவரல்லர். கிரேக்க உலகில் தோன்றிய அக்கருவியை முஸ்லிம்கள் எட்டாம் நூற்றாண்டிலிருந்தே செய்து வந்தனர். அவர் கையொப்பமிட்ட கருவி எதுவும் இதுவரை அறியப்படவில்லை. 1990இல் கண்டறியப்பட்ட 7060ஆம் எண் சிறுகோளுக்கு அல்-இஜ்லிய்யாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அப்புகழுக்கு அவர் தகுதியானவரே. ஆனால் அவரைப் போற்றுவதற்குக் கட்டுக்கதைகள் தேவையில்லை. உறுதியாகத் தெரிந்த அந்த ஒரு வரியே போதுமான பெருமையைத் தருவதோடு, பெருமையினும் பயனுள்ள ஒன்றையும் கற்றுத்தருகிறது.

கற்றுத்தந்தாலன்றி வாராத தொழில்

அஸ்துர்லாப் செய்வது எத்தகைய வேலை என்பதை அறிந்தால்தான் அந்த வரியின் எடை விளங்கும். அக்கருவியின் அடித்தட்டு அரபியில் 'உம்ம்', அதாவது தாய், எனப்படும். அதன் குழிவினுள் 'ஸஃபீஹா' எனப்படும் மெல்லிய தகடுகள் அமையும். அவற்றின் மேல் விண்மீன்களைச் சுட்டும் கூர்முனைகளைக் கொண்ட, வலைபோல் வெட்டப்பட்ட 'அன்கபூத்', அதாவது சிலந்தி, சுழலும். பின்புறம் உயரத்தை அளக்கும் சுழல்சட்டம் பொருத்தப்படும். வானக் கோளத்தை ஒரு தட்டையான பித்தளைப் பரப்பில் விரித்து வரைவதே இதன் அடிப்படை. கோளத்தின் துருவத்திலிருந்து நோக்கி வரையும்போது அதன் வட்டங்கள் தட்டிலும் பெரும்பாலும் வட்டங்களாகவே விழும். ஆகவே கவராயம் கொண்டு அவற்றை வரையலாம். ஆனால் ஒவ்வொரு வட்டத்தின் மையமும் ஆரமும் கணக்கிடப்பட வேண்டும். அல்லது அல்-ஃபர்கானீ போன்றோர் ஒன்பதாம் நூற்றாண்டில் தயாரித்த அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

ஓர் ஊரின் அகலாங்குக்குச் செய்த தகடு வேறோர் அகலாங்கில் பிழை காட்டும். எனவே பக்தாதுக்கு ஒரு தகடும், அதற்கு வடக்கே உள்ள அலெப்போவுக்கு வேறொரு தகடும் வேண்டும். கணக்கில் நேரும் சிறு தவறும், உளி ஒரு நூலிழை விலகுவதும் தொழுகை நேரத்தையும் கிப்லாத் திசையையும் பிறழச் செய்துவிடும். ஆகவே இது நூலை மட்டும் படித்து வருவதன்று. கைப்பழக்கத்தால் மட்டும் வருவதுமன்று. வடிவ கணிதமும் உலோக வேலையும் ஒருவரிடத்தில் சேர வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆசானின் பக்கத்தில் அமர்ந்து, அவர் திருத்தத் திருத்தச் செய்து பழக வேண்டும். இன்றைய சொல்லில் கூறின், இது பொறியியலாளரின் பணியேயாகும்.

இப்போது அந்த வரியை மீண்டும் நோக்குவோம். அதில் மூன்று செய்திகள் உள்ளன. தந்தை தம் தொழிலின் கதவை மகளுக்குத் திறந்தார். தந்தையின் ஆசானே மகளையும் மாணவியாக ஏற்றார். எனவே அவர் தந்தையின் உதவியாளராக மட்டும் குறிக்கப்படவில்லை. தந்தைக்கு இணையான கல்வி வழியைப் பெற்றவராகவே குறிக்கப்படுகிறார். மூன்றாவதாக, கி.பி. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெப்போவை ஆண்ட ஸைஃபுத் தவ்லாவின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அல்-முதனப்பி கவி பாடிய, அல்-ஃபாராபிக்கு ஆதரவளித்த அரசவை அது. வழிகாட்டி, ஆசான், பணியிடம் ஆகிய மூன்றும் கூடியபோது ஒரு பெண்ணின் திறமை பயனாக மலர்ந்தது. அவர் தனித்துத் தோன்றிய அதிசயம் அல்லர். ஓர் ஏற்பாட்டின் விளைவு எனலாம்.

ஆனால் அந்த ஏற்பாட்டின் மெலிவும் அதிலேயே தெரிகிறது. அது ஒரு தந்தையின் மனத்தையும் ஓர் அரசரின் கொடையையும் நம்பி நின்றது. கி.பி. 962இல் பைசாந்தியப் படை அலெப்போவைச் சூறையாடியது. 967இல் ஸைஃபுத் தவ்லா மறைந்தார். அதன்பின் அல்-இஜ்லிய்யா என்ன ஆனார், அவரிடம் யாரேனும் பயின்றனரா என்பதை எந்நூலும் கூறவில்லை. ஆசானையும் மாணாக்கரையும் இணைத்துச் செல்லும் அவ்வரிசையில் அவர் பெயருக்குக் கீழே மாணவி எவரும் இல்லை.

தொடர்ந்த மரபும் தொடராத மரபும்

பெண்கள் கற்பதும் கற்பிப்பதும் அக்காலத்தில் அரிதாக இருந்தமையே இதற்குக் காரணம் என்று சிலர் கூறக்கூடும். அவ்விளக்கம் பொருந்தாது. பக்தாதைச் சேர்ந்த நீதிபதி அல்-மஹாமிலீயின் மகள் ஸுதைத்தா, ஷாஃபிஈ சட்டத்துறையிலும் வாரிசுரிமைக் கணக்கிலும் எண்கணிதத்திலும் தேர்ந்து, ஃபத்வா வழங்குமளவுக்கு உயர்ந்திருந்தார். இப்னுன் நதீம் தம் நூலைத் தொகுத்த அதே ஹிஜ்ரி 377இல்தான் அவர் மறைந்தார். அவரைப் பற்றிய செய்தியை 'தாரீகு பக்தாத்' நூலில் பதிந்தவர் அல்-கதீப் அல்-பக்தாதி. அவரே மக்காவில் கரீமா அல்-மர்வஸிய்யா என்ற பெண் ஹதீஸ் அறிஞரிடம் ஸஹீஹுல் புகாரியை வாசித்துச் சரிபார்த்தவர். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த அஸ்-ஸகாவீ, தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தின் இறுதித் தொகுதி முழுவதையும் பெண்களுக்கென ஒதுக்கினார். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இடம்பெற்றுள்ளனர். அவர்களுள் கணிசமானோர் ஹதீஸ் கேட்டோரும் அறிவித்தோருமாவர்.

ஹதீஸ் துறையில் பெண்களின் பங்கு எல்லா நூற்றாண்டுகளிலும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதும் உண்மையே. எனினும் அது முற்றாக அறுந்துவிடவில்லை. கருவித் தொழிலிலோ ஒரே ஒரு பெயர் நிற்கிறது. ஒரே சமூகத்தில், ஒரே நம்பிக்கையை உடையோரிடையே, ஒரு துறையில் பெண்களின் வரிசை நீண்டு சென்றது. மற்றொன்றில் ஒருவரோடு நின்றது. இவ்வேறுபாட்டுக்குப் பெண்களின் அறிவாற்றலையோ மார்க்கத்தின் அனுமதியையோ காரணமாகக் கூற முடியாது. இரண்டு துறைகளுக்கும் அவை பொதுவானவை. வேறுபட்டது அமைப்பு.

ஹதீஸ் கல்வி பள்ளிவாசலிலும் வீட்டிலும் நடந்தது. ஒரு வாசிப்பு நிகழும்போது சிறுமியரும் அழைத்துவரப்பட்டு, கேட்டோர் பட்டியலில் அவர்களின் பெயரும் எழுதப்பட்டது. கற்று முடித்தவருக்கு 'இஜாஸா' என்னும் எழுத்துமூல அனுமதி கிடைத்தது. அதைப் பெற்றவர் பிறருக்குக் கற்பிக்கலாம். ஒரு பெண்ணின் தந்தை மறைந்தாலும், ஆதரித்த செல்வந்தர் மறைந்தாலும், திருமணத்தால் அவள் வேறூர் சென்றாலும், குழந்தைகள் வளர்ந்து முதுமை எய்திய பின்னரும் அவ்வனுமதி அவள் கையில் இருந்தது. உண்மையில் முதுமை அத்துறையில் மதிப்பைக் கூட்டியது. ஏனெனில் சிறுவயதில் மூத்த ஆசானிடம் கேட்டவர் நீண்ட காலம் வாழும்போது அவரது அறிவிப்புத் தொடர் குறுகியதாகி, மாணவர்கள் அவரைத் தேடி வருவர். இடையில் சில ஆண்டுகள் வீட்டுப் பொறுப்பில் கழிந்தாலும் கதவு அடைபடவில்லை.

பட்டறையின் இயல்போ வேறு. அங்கே நுட்பம் குடும்பத்தின் உடைமையாகப் பேணப்பட்டது. பணி அரசவையின் விருப்பத்தைச் சார்ந்தது. தகுதி ஆசானின் வாய்ச்சொல்லைத் தவிர வேறெங்கும் பதிவாகவில்லை. ஒரு முறை விலகினால் திரும்பி வரும் வழியும் இல்லை. இப்னுன் நதீம் என்ற ஒரு நூல் வணிகரின் அக்கறை இல்லாதிருந்தால் அல்-இஜ்லிய்யாவின் பெயரும் நமக்குக் கிடைத்திராது. அவருக்குப் பின்னரும் பட்டறைகளில் பெண்கள் உழைத்திருக்கலாம். பதிவில்லாத உழைப்பு பின்வருவோருக்கு வழிகாட்டியாக அமைய முடியாது என்பதே இங்கு கருதத்தக்கது.

பட்டறையிலிருந்து கல்லூரிக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொழில்நுட்பக் கல்வி பட்டறையிலிருந்து பாடசாலைக்கு இடம்பெயரத் தொடங்கியது. 1773இல் உஸ்மானியர் இஸ்தன்பூலில் கடற்படைப் பொறியியற் பாடசாலையையும், 1795இல் தரைப்படைப் பொறியியற் பாடசாலையையும் தொடங்கினர். ஏறத்தாழ அதே காலத்தில், 1794இல், சென்னையில் நில அளவைப் பாடசாலை ஒன்று தோன்றிற்று. அதுவே பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. ஒன்று முஸ்லிம் பேரரசு நிறுவியது. மற்றொன்று ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சியில் உருவானது. ஆயினும் இரண்டும் அரசின் படை, அளவைத் தேவைகளுக்கு ஆண்களைப் பயிற்றுவிக்கவே எழுந்தன. பெண் மாணவர் பற்றிய எண்ணமே அவற்றின் அமைப்பில் இருக்கவில்லை. இஸ்தன்பூலில் முதற் பெண்கள் நுழைய 1927ஆம் ஆண்டு வரையும், கிண்டியில் 1940ஆம் ஆண்டு வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இஸ்தன்பூலில் நுழைந்தவர்கள் ஸபிஹா ரிஃபாத், மெலெக் எர்புல் என்னும் இருவர். இருவரும் 1933இல் பொறியியலாளராகப் பட்டம் பெற்றனர். ஸபிஹா அரசின் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, அங்காரா அருகே பெய்பஸாரி வழியில் பாலம் கட்டும் பணியில் ஈடுபட்டார். அப்பாலத்தை அப்பகுதி மக்கள் 'பெண் பாலம்' என்றே அழைத்தனர். 1944 முதல் 1953 வரை கட்டப்பட்ட அதாதுர்க் நினைவிடத்தின் கட்டுமானக் கண்காணிப்பிலும் அவர் பொறுப்பு வகித்தார்.

கிண்டியில் நடந்தது தமிழறிந்த வாசகருக்கு மேலும் நெருக்கமானது. 1919இல் பிறந்த லலிதா, பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் நான்கு மாதக் கைக்குழந்தையோடு விதவையானார். அக்காலச் சமூகத்தில் அவருக்கு வகுக்கப்பட்டிருந்த வாழ்க்கை எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை. அவர் மீண்டும் படிக்கத் துணிந்தார். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளுக்கு இடம் கேட்டு அவர் விண்ணப்பித்தபோது கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவும் பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாத்தமும் இசைந்தனர். 1940இல் நூற்றுக்கணக்கான ஆண்களிடையே ஒரே பெண்ணாக லலிதா மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார்.

இங்கே நிகழ்ந்த ஒரு சிறு செயல் நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது. விடுதியில் லலிதா தனித்திருந்ததால், பெண்களுக்கும் கல்லூரியில் இடமுண்டு என்பதை அவர் தந்தை விளம்பரப்படுத்தச் செய்தார். அதன் பயனாக லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் சிவில் பொறியியலில் சேர்ந்தனர். மகளுக்காகத் திறந்த கதவை அவர் மகளோடு மூடிவிடவில்லை. அல்-இஜ்லீயின் வீட்டுக்கும் சுப்பாராவின் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஒருவருக்குச் செய்த சலுகை மூவருக்கு உரிய வழக்கமாயிற்று. மூவர் வந்தபின் அது கல்லூரியின் நடைமுறையாயிற்று. மூவரும் பட்டம் பெற்றபோது ஆணைக் குறிக்கும் சொல்லோடு அச்சிடப்பட்டிருந்த சான்றிதழில் அச்சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்தது.

பட்டத்துக்குப் பிந்திய வரலாறும் நோக்கத்தக்கது. லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றார். பின் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் பணியேற்றார். அங்கே அவர் சகோதரரின் குடும்பம் இருந்ததால் மகளை உடன் வைத்துக்கொள்ள முடிந்தது. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்து, மின்கடத்தும் வழிகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைக்கும் பணியில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிலைத்தார். பக்ரா நங்கல் அணை மின்திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. 1964இல் நியூயார்க்கில் கூடிய முதலாவது சர்வதேசப் பெண் பொறியியலாளர், விஞ்ஞானியர் மாநாட்டில் அவர் பங்கேற்றார். 1979இல் மறைந்தார். சிம்லாவைத் தேர்ந்ததற்குத் தொழில் மட்டும் காரணமன்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ள உறவினர் இருந்ததும் காரணம் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. குழந்தையைப் பேணும் கரங்கள் இருந்தமையாலேயே அணைக்கும் மின்நிலையத்துக்கும் அவரது அறிவு பயன்பட்டது.

திரேசியாவின் வழி அரசுப்பணி. பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியியலாளரானார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதற் பெண் அவரே. பணிமூப்பும் பதவி உயர்வும் விதிகளால் வரையறுக்கப்பட்ட துறை அது. யாருடைய தனிப்பட்ட தயவையும் எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லாத இடத்தில் பெண் எவ்வளவு உயர முடியும் என்பதற்கு அவர் சான்று.

வகுப்பறைக்கும் பணியிடத்துக்கும் இடையே

இன்றைய முஸ்லிம் உலகின் நிலை இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே உள்ளது. யுனெஸ்கோ 2021இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கையின்படி, உலகளவில் பொறியியற் பட்டதாரிகளுள் பெண்கள் 28 விழுக்காடு. ஆனால் அல்ஜீரியாவில் அது 48.5 விழுக்காடு. தூனிஸியாவில் 44.2, ஓமானில் 43.2, மொரோக்கோவில் 42.2 விழுக்காடு. செல்வமும் தொழில்வளமும் மிக்க மேலைநாடுகள் பலவற்றை விட இவை உயர்ந்தவை. முஸ்லிம் பெண்கள் தொழில்நுட்பத்தில் ஆர்வமற்றவர்கள் என்ற பரவலான எண்ணத்தை இப்புள்ளிகள் தகர்த்துவிடுகின்றன.

ஆயினும் இதன் மறுபக்கம் மகிழ்ச்சிக்குரியதன்று. அரபுலகில் உழைக்கும் வயதுப் பெண்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவரே தொழிலில் அல்லது தொழில் தேடலில் இருப்பதாக உலக வங்கியின் மதிப்பீடுகள் பல ஆண்டுகளாகக் காட்டி வருகின்றன. வகுப்பறையில் பாதிக்கு அண்மையில் நிற்கும் பெண்கள், பணியிடத்துக்குச் செல்லும் வழியில் எங்கோ மறைந்துவிடுகின்றனர். நுழைவாயில் திறந்துவிட்டது. அதற்கு அப்பாலுள்ள பாதைதான் அமையவில்லை.

நம்மிடையேயும் இதே நிலையைக் காண்கிறோம். பொறியியல் படித்த நம் பெண்மக்களின் தொகை கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாகப் பெருகியுள்ளது. பட்டமளிப்பின்போது ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் பாராட்டு விழா எடுக்கின்றன. அதன்பின் அம்மாணவி என்ன ஆனாள் என்று கேட்பார் இல்லை. பட்டம் திருமண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் அச்சாகிறது. சான்றிதழ் அலமாரிக்குள் செல்கிறது. வேலைக்குச் சென்றவர்களும் முதற் குழந்தையோடு நின்றுவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப விரும்பினால் கற்ற மென்பொருள் பழையதாகியிருக்கும். பழகிய கருவிகள் மாறியிருக்கும். வழிகாட்ட எவரும் இருக்கமாட்டார். வீட்டிலிருப்பதைத் தம் விருப்பத்தால் தேர்ந்துகொண்ட பெண்ணின் முடிவு மதிக்கத்தக்கதே. வேறு வழியின்றி அதில் தள்ளப்பட்டவளின் நிலையை விருப்பம் என்று பெயரிட்டு அழைப்பதே நேர்மையற்றது.

பெண் தன் உழைப்பால் ஈட்டியது அவளுக்கே உரியது என்பதைக் குர்ஆன் (4:32) தெளிவாக்கியுள்ளது. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர் அஷ்-ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. மேலும் கற்பிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கூறிய செய்தியை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். ஒரு பெண் கற்றதைப் பிறிதொரு பெண்ணுக்குக் கற்பிக்கும் வரிசை நம் முதல் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது. எனவே நம்மிடம் இல்லாதது அனுமதியன்று, ஏற்பாடு.

வரலாறு வேண்டுவது

மேற்கூறியவற்றிலிருந்து சில படிப்பினைகளை நாம் பெறலாம். முதலாவது, ஆசான். அல்-இஜ்லிய்யாவுக்குத் தந்தையைக் கடந்து ஓர் ஆசான் இருந்தார். பட்டம் பெற்ற மாணவிக்கு அவள் துறையில் பத்து அல்லது இருபது ஆண்டுகள் பணியாற்றிய ஒருவரின் வழிகாட்டல் தேவை. எந்தப் பணியை ஏற்பது, எதைக் கற்பது, எப்போது பதவி உயர்வைக் கேட்பது என்பவை நூல்களில் கிடைப்பதில்லை. நம் சமூகத்தின் மூத்த பொறியியலாளர்கள், ஆண்களாயினும் பெண்களாயினும், ஆளுக்கு இரு மாணவியரின் பணிவாழ்வைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றால் அது எந்தப் பாராட்டு விழாவினும் பயனுடையதாகும்.

இரண்டாவது, துணை. இஸ்தன்பூலில் இருவர் சேர்ந்து நுழைந்தனர். கிண்டியில் ஒருவருக்குத் துணையாக இருவர் தேடப்பட்டனர். ஒரு பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு அவள் தாக்குப்பிடிப்பாளா என்று பார்ப்பது சோதனையேயன்றி ஆதரவன்று.

மூன்றாவது, திரும்பி வரும் வழி. இஜாஸா பெற்ற பெண்ணுக்கு இடைவெளி தடையாக இருக்கவில்லை. இன்றைய தொழிலில் அவ்வசதியைச் செயற்கையாகவே உருவாக்க வேண்டும். புதுப்பயிற்சிக்கான உதவித்தொகை, நம்பகமான குழந்தைப் பராமரிப்பகம், பாதுகாப்பான விடுதி ஆகியவற்றுக்குச் செலவிடுவது கல்விக்குச் செலவிடுவதன் நிறைவுப் பகுதியே. நான்காண்டுப் படிப்புக்குப் பொருள் வழங்கிவிட்டு, அப்படிப்பு பயன்படாமல் போவதைப் பார்த்திருப்பது அறக்கட்டளைப் பொருளையும் பாழாக்குவதாகும். குடும்பத்தின் பங்கும் இதில் பெரிது. சிம்லாவில் ஒரு சகோதரர் செய்ததை நம் வீடுகளில் கணவரும் மாமியாரும் உடன்பிறந்தாரும் செய்ய இயலும்.

நான்காவது, பதிவு. நம் ஊர்களில் முதலில் பொறியியல் பயின்ற பெண் யார், அவர் எதைக் கட்டினார், எதை வடிவமைத்தார், யாரைப் பயிற்றுவித்தார் என்பதை எழுதி வைக்க வேண்டும். பெயரை மட்டும் எழுதினால் போதாது. யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இப்னுன் நதீம் காட்டிய முறை அதுவே.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் அஸ்துர்லாப் செய்தார் என்று சொல்வது எளிது. அவருக்குப் பின் இரண்டாவது பெண்ணை அவ்வரிசையில் காண முடியாமற் போனதற்குக் காரணமான குறைகளை நம் காலத்தில் களைவதே அவருக்கு நாம் செய்யும் கைம்மாறு. இன்று கல்லூரியிலிருந்து வெளிவரும் நம் மகளிடம் பட்டம் இருக்கிறது. அவளுக்கு ஓர் ஆசான் இருக்கிறாரா, அவள் கற்பிக்க ஒரு மாணவி வருவாளா என்பவையே நாம் விடையளிக்க வேண்டிய வினாக்கள்.